பழைய காரின் என்ஜின் சூடாகும்போது: ரேடியேட்டர் முதல் தெர்மோஸ்டாட் வரை வீட்டிலேயே பழுதுபார்க்கும் முறை

என்ஜின் சூடாகிறது என்று சொன்னால் போதும், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுங்கள் என்று யோசனை சொல்ல ஒருவராவது வந்துவிடுவார். நானும் என் முதல் பழைய காரில் அப்படியே செய்தேன். சில நாட்களுக்கு, வெப்பநிலையைக் காட்டும் முள் அடங்கி நின்றது. பிறகு முன்பைவிட வேகமாக ஏறத் தொடங்கியது. உண்மையான குறை, உள்ளங்கையில் அடங்கும் ரேடியேட்டர் மூடியில் இருந்தது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்ததால் அழுத்தம் நிற்கவில்லை. எனவே எதைக் கழற்றுவது என்பதற்கு முன் எங்கே குறை என்பதைக் கண்டுபிடிப்பதற்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம் தந்திருக்கிறேன்.

இங்கே பேசப்படுவது என்ஜினைக் குளிர்விக்கும் நீர்ச் சுற்றைப் பற்றி மட்டுமே. பயணிகளுக்கான ஏசியைப் பற்றி அல்ல. மேலும், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போலக் காற்றால் மட்டும் குளிரும் என்ஜின்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. ரேடியேட்டரின் மேலேயே மூடி வைத்த, மின்னணுக் கட்டுப்பாடு அதிகம் இல்லாத கார்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். உங்கள் காரின் சர்வீஸ் கையேடு கிடைத்தால், அதில் உள்ள அளவுகளையே இறுதியானவையாகக் கொள்ளுங்கள்.

நீர் சுற்றும் வழி

எரிபொருளிலிருந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவத்தின் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் அடியிலிருந்து ஆறிய நீரைக் கீழ் ஹோஸ் என்னும் ரப்பர் குழாய் வழியாக இழுத்து, என்ஜின் பிளாக்குக்குள்ளும் அங்கிருந்து அதன் மேல் அமைந்த சிலிண்டர் ஹெட்டுக்குள்ளும் தள்ளுகிறது. நீர் வெளியேறும் வாயிலில் தெர்மோஸ்டாட் காவல் நிற்கிறது. அதற்குள் இருக்கும் மெழுகு, குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அந்த வெப்பநிலை, பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸ், அதன் உலோக விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வால்வு மூடியிருக்கும்வரை நீர் பைபாஸ் என்னும் குறுக்குவழியில் என்ஜினுக்குள்ளேயே சுற்றுகிறது. திறந்த பிறகு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, மீண்டும் பம்புக்கு வருகிறது.

மூடியின் பங்கைப் புதியவர்கள் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வெறும் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதி நீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். அதே கலவையை வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதலான அழுத்தத்தில் மூடி வைத்தால், கொதிநிலை 130 டிகிரியை நெருங்கிவிடும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடியில் உள்ள சுருள்வில் வால்வு. அது தளர்ந்துவிட்டால், வேறு எந்தப் பாகமும் கெடாமலேயே 20 டிகிரிக்கு மேற்பட்ட பாதுகாப்பு வெளியை நாம் இழக்கிறோம். மூடிக்குள் இன்னொரு சிறிய வால்வும் உண்டு. என்ஜின் ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தால் அது திறந்து, உபரித் தொட்டியிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுக்கும். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், அந்தச் சிறிய வால்வோ உபரித் தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயோ அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

கைவைக்கும் முன்

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தால் நீராகவே நிற்கும் கூலன்ட், மூடி அசைந்த நொடியிலேயே ஆவியாக மாறி முகத்தில் அடிக்கும். என்ஜினை நிறுத்தி இரண்டு மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டு அழுத்திப் பாருங்கள். அது ஆறித் தளர்ந்திருந்தால் மட்டுமே தடித்த துணியைப் போர்த்தி மூடியைத் திருப்புங்கள். மின்விசிறி உள்ள கார்களில், சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுழலத் தொடங்கக்கூடும் என்பதால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வையுங்கள். காரின் அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல், உறுதியான ஸ்டாண்டின்மேல் காரை இறக்கி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிறிதளவு உள்ளே போனாலும் அது சிறுநீரகங்களைக் கெடுத்து உயிரைப் பறிக்கக்கூடியது. நாயும் பூனையும் அதன் சுவைக்கு ஈர்க்கப்படும். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விடவோ, மண்ணிலும் சாக்கடையிலும் ஊற்றவோ கூடாது. குடிநீர்ப் பாட்டிலில் ஒருபோதும் அடைத்து வைக்கக் கூடாது. மூடியுள்ள கேனில் நிரப்பிப் பெயர் எழுதி ஒட்டி, கழிவு எண்ணெயையும் பேட்டரியையும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படையுங்கள்.

குறையைக் கண்டுபிடித்தல்

முதலில் உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்: கூலன்ட் குறைகிறதா, இல்லையா? முள் எப்போது ஏறுகிறது?

நெரிசலில் மெதுவாக ஊரும்போது சூடாகி, சாலை காலியானதும் அடங்கினால், சந்தேகம் விசிறிமேல் விழ வேண்டும். வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் நுழைகிறது. நிற்கும்போது விசிறி மட்டுமே அதை இழுக்கிறது. மின்விசிறியாக இருந்தால், ரேடியேட்டரில் பொருத்திய வெப்ப சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். இதற்காக மட்டும் பேட்டரியை மீண்டும் இணைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். கை விசிறியிலிருந்து விலகியே இருக்கட்டும். அப்போது விசிறி ஓடினால் குறை சுவிட்சில். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள். பெல்ட்டால் சுழலும் விசிறியாக இருந்தால், பெல்ட்டின் தளர்வையும், நடுவில் விஸ்கஸ் கிளட்ச் (எண்ணெய் வழியாக விசிறியைச் சுழற்றும் இணைப்பு) இருந்தால் அதிலிருந்து எண்ணெய் கசிந்த கறையையும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, நகரத்துக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு நீண்ட ஏற்றத்திலோ அதிவேகத்திலோ முள் ஏறினால், தேவையான அளவு நீர் ஓடவில்லை அல்லது ஓடும் நீர் ஆறவில்லை. சுண்ணாம்புப் படிவால் அடைபட்ட ரேடியேட்டர் குழாய்கள், துருப்பிடித்துத் தேய்ந்த பம்பு இறக்கைகள், வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒடுங்கிவிடும் கீழ் ஹோஸ் ஆகிய மூன்றும் இதே அறிகுறியைக் காட்டும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறி, மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு ஓட்டினாலும் முள் நடுப்பகுதிக்கு வரவே இல்லையென்றால் அது திறந்தபடியே நின்றுவிட்டது. குளிர்ந்த என்ஜினில் சாவியைத் திருப்பிய உடனேயே முள் சிவப்புக்குப் பாய்ந்தால், என்ஜினைக் குறை சொல்லாமல் சென்சாருக்குப் போகும் ஒயர் எங்கோ உலோகத்தில் உரசுகிறதா என்று பாருங்கள்.

கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், கசிவைத் தேட வேண்டும். காய்ந்த கூலன்ட் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்ததுபோல ஒரு தடம் விட்டுச் செல்லும். ஹோஸின் முனைகள், ரேடியேட்டர் தொட்டியின் தையல், தெர்மோஸ்டாட் கூடு, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு அடைப்புகள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் பம்பின் கழுத்துக்கு அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே உள்ள சீல் கெட்டால் நமக்குத் தெரிவிப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து சொட்டினால் பம்பை மாற்றியே ஆக வேண்டும், துளையை அடைத்துவிடக் கூடாது. காருக்குள் மிதியடி ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்து, இனிப்பு வாசனையும் வந்தால், கசிவு ஹீட்டருக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டரில் இருக்கிறது.

மூடியின் இடத்தில் பொருத்தும் கைப்பம்பு அழுத்தமானி இரவலாகக் கிடைத்தாலும் பெற்றுக்கொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினில் மூடிமேல் எழுதியுள்ள அழுத்தம் வரை மட்டும் ஏற்றிவிட்டு, 15 நிமிடம் காத்திருந்தால், முள் இறங்குவதும், எங்கோ ஓரிடத்தில் துளி அரும்புவதும் கண்ணுக்குத் தெரியும். மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம்.

வெளியே எங்கும் கசியாமல் கூலன்ட் மறைந்தால், என்ஜின் எண்ணெய் மூடியின் உட்புறத்தையும் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல வெளிறியிருப்பதும், என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வருவதும், குளிர்ந்த என்ஜினைத் தொடங்கிய உடனேயே ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் எழுவதும் ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதற்கான அடையாளங்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் காரில் எண்ணெய் மூடியில் மட்டும் சிறிது நுரை படிவது இயல்பு என்பதால், ஒரே அடையாளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குழலில் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கலக்கிறது என்பது உறுதி. ஹெட் கேஸ்கட்டை மாற்றும் வேலை இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. புதியவர் அதைத் தனியாகத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வடித்தலும் அலசுதலும்

என்ஜின் ஆறியபின் ஹீட்டர் கட்டுப்பாட்டை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். பல பழைய கார்களில் அப்போதுதான் ஹீட்டருக்குள் உள்ள நீரும் வெளியேறும். ரேடியேட்டருக்கு அடியில் அகலமான பாத்திரத்தை வைத்து, மூடியை எடுத்துவிட்டு, அடிக் குழாயைத் திறங்கள். பிளாஸ்டிக்கால் ஆன பழைய அடிக் குழாய் முரண்டு பிடித்தால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீழ் ஹோஸைக் கழற்றியே வடித்துக்கொள்ளலாம். பிளாக்கின் பக்கத்தில் தனியாக வடிகால் போல்ட் இருந்தால் அதையும் திறக்க வேண்டும், ஏனென்றால் துருச் சேறு பெரும்பாலும் அங்கேதான் தங்கும். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் வடிந்த அளவை லிட்டர் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் கடைசியில் பெரிதும் உதவும்.

பிறகு நல்ல நீரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை என்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் வடியுங்கள். நீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய நேரிடும்; ஒவ்வொரு முறையும் முழுமையாக ஆறவிட வேண்டும் என்பதால், ஒரு நாள் முழுவதும் இதிலேயே கழியும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் வடிக்க முடியாமல் உள்ளே தங்கும் ஒன்றிரண்டு லிட்டர் புதிய கூலன்ட்டோடு கலந்துவிடும். படிவைக் கரைக்கும் கலவைகளைப் பயன்படுத்துவதாக இருந்தால், அது அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து, சொன்ன நேரத்துக்குமேல் விட்டு வைக்காதீர்கள்.

மிகப் பழைய ரேடியேட்டரில், பல ஆண்டுத் துருவே ஒரு சிறு ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அலசியபின் அது ஒழுகத் தொடங்கினால், அலசியதால் ஓட்டை விழவில்லை, இருந்த ஓட்டை தெரியவந்திருக்கிறது. மூடி வாய் வழியே பார்க்கும்போது குழாய்களின் முனைகளில் வெள்ளைப் படிவு பாதி அடைத்திருந்தால், வீட்டு அலசல் போதாது. ரேடியேட்டரைக் கழற்றி அதற்கென உள்ள வேலைக்காரரிடம் கொடுக்க வேண்டும். வெளிப்புறத் தகடுகளுக்கு இடையில் சிக்கிய பூச்சியையும் தூசியையும், என்ஜின் பக்கத்திலிருந்து முன்புறமாக, மென்மையாகத் தெளிக்கும் நீரால் வெளியேற்றுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

ஹோஸ்கள்

ஹோஸ் உட்புறத்திலிருந்தே அழுகும் என்பதால், வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. ஹோஸின் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்கு அருகில் விரல்களால் நசுக்கிப் பாருங்கள்: உள்ளே நறநறவென்று நொறுங்கினாலும், பஞ்சுபோல் அமுங்கினாலும், ஒரு பக்கம் உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஒன்று போய்விட்டால் மற்றவையும் அதே வயதுடையவை. எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது என் வழக்கம்.

ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றுவைத்த கழுத்து வளைந்துவிடும். எப்படியும் தூக்கியெறியப் போகும் ஹோஸ்தானே. கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கழுத்தில் படிந்த வெள்ளைப் பொருக்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்குச் சுத்தம் செய்யுங்கள். கசியும் இணைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்ததால் கசிபவை. புதிய ஹோஸை ஏற்றும்போது சோப்பு நீரையோ கூலன்ட்டையோ தடவலாம். எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊதச் செய்துவிடும். கிளாம்ப், கழுத்தின் புடைத்த விளிம்புக்கு உட்புறமாக உட்கார வேண்டும். கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருந்திருந்தால், அது நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில் புதியதற்குள்ளும் போட மறக்காதீர்கள்; ஹோஸ் ஒடுங்காமல் தாங்குவது அதுவே.

தெர்மோஸ்டாட்

கூட்டின் போல்ட்டுகள்தான் இந்த வேலையில் ஆபத்தானவை. அலுமினியத்துக்குள் பல ஆண்டுகள் கிடந்த இரும்பு போல்ட் எளிதில் முறியும். முந்தைய இரவே துரு நீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் சிறிது தளர்த்தியும் சிறிது இறுக்கியும் மெல்ல மெல்லக் கழற்றுங்கள். கூடு திறந்ததும், துளைக்குள் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே கசிவுப் பாதையாகும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டையும் புதிதாக வாங்கியதையும் சோதித்துப் பாருங்கள். பாத்திரத்தில் நீர் வைத்து, அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்றினால், பொறித்த எண்ணை ஒட்டி வால்வு திறக்கத் தொடங்கி, மேலும் 10 முதல் 15 டிகிரிக்குள் முழுவதும் திறக்க வேண்டும். சமையலுக்கு மீண்டும் பயன்படாத பாத்திரமாக அது இருக்கட்டும். பொருத்தும்போது மெழுகுக் குப்பி உள்ள பக்கம் என்ஜினை நோக்கி இருக்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேற்புறம் வர வேண்டும், சிக்கிய காற்று அதன் வழியாகவே தப்பிக்கும். புதிய காகிதக் கேஸ்கட் போட்டபின் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். அது சிறிய ஸ்பேனரை மணிக்கட்டால் மட்டும் திருப்பும் அளவு.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவது ஏன் தவறு என்பதும் இப்போது விளங்கும். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடிவிடும். அதைக் கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடந்து, நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே சுற்றிவரும். இந்த அமைப்பு இல்லாத என்ஜின்களில் வேறு தீங்கு உண்டு: என்ஜின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருளை வீணடித்து, சிலிண்டர் சுவர்களை விரைவாகத் தேய்க்கும்.

வாட்டர் பம்ப் மாற்றும் முறை காருக்குக் கார் பெரிதும் வேறுபடும். வெளிப்புற பெல்ட்டால் சுழலும் பம்பைப் புதியவரும் பொறுமையாக மாற்றலாம். என்ஜின் வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட்டால் சுழல்வது என்றால் அனுபவசாலி உடன் இல்லாமல் தொடாதீர்கள். பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்குவது பொதுவாகச் சரியான இறுக்கம்.

நிரப்புதலும் காற்றை வெளியேற்றுதலும்

நீர் கலக்காத அடர் கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாக வெளியிலேயே கலந்துகொள்ளுங்கள். கூலன்ட் கூடினால் குளிர்ச்சி கூடும் என்பது தவறான எண்ணம்: வெப்பத்தைச் சுமக்கும் திறன் நீருக்கே அதிகம், கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் அடர் கூலன்ட்டின் வேலை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஏனென்றால் நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. கையேடு கேட்கும் வகையையே வாங்குங்கள். வெவ்வேறு வேதி வகைகளைக் கலந்தால் கூழாகத் திரண்டு குழாய்களை அடைக்கலாம். பழைய கார்களுக்கான சிலிகேட் வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவை அடைக்கும் திரவங்களைப் பற்றி ஒரே சொல்: அவை ஓட்டையையும் ஹீட்டரின் மெல்லிய குழாயையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

நன்றாகப் பழுதுபார்த்த பிறகும் கார் சூடாவதற்குப் பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்றே காரணம். காற்றுக் குமிழி சிலிண்டர் ஹெட்டில் தங்கினால், அந்த இடத்தில் உலோகம் காய்கிறது. சென்சார் அந்தக் குமிழிக்குள் அகப்பட்டால் முள்கூடப் பொய் சொல்லும். எனவே ரேடியேட்டர் வாய் மிக உயர்ந்த இடமாக அமையும்படி காரின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகுகள் இருந்தால் திறந்து, கலவையை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். திருகு வழியே குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் அதை மூடிவிட்டு, மேல் ஹோஸைப் பலமுறை பிசைந்து விடுங்கள்.

இனி மூடியைத் திறந்தபடியே என்ஜினைத் தொடங்கி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் திடீரென இறங்கும். உடனே கலவையை ஊற்றி நிரப்பி, குமிழிகள் நின்றதும் மூடுங்கள். மாறாக, மட்டம் பொங்கி வழியத் தொடங்கினால் என்ஜினை நிறுத்திவிட்டு ஆறியபின் மீண்டும் முயலுங்கள். இப்போது நீங்கள் குறித்து வைத்த எண்ணை எடுத்துப் பாருங்கள். கடைசி முறை வடித்த அளவைவிட இரண்டு லிட்டர் குறைவாக உள்ளே போயிருந்தால், அந்த இரண்டு லிட்டர் இடத்திலும் காற்றே இருக்கிறது. ஹீட்டரிலிருந்து வரும் காற்று நிலையாகச் சூடாக இருப்பதும், டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்ற ஒலி இல்லாமல் இருப்பதும் காற்று வெளியேறியதற்கு அடையாளம்.

முதல் ஓட்டத்தை, நடந்தே வீடு திரும்பக்கூடிய தொலைவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கார் முழுமையாக ஆறியபின் கிளாம்புகளை மீண்டும் ஒரு சுற்று சோதித்து இறுக்குங்கள், ஏனென்றால் புதிய ரப்பர் முதல் சூட்டில் சற்று அமுங்கும். இரவில் காரின் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை உலர்ந்திருக்கிறதா, உபரித் தொட்டியின் மட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஒரு வாரத்துக்கு நாள்தோறும் பார்த்துக் குறித்து வாருங்கள். முதல் இரண்டு நாட்களில் மட்டம் சிறிது இறங்கி, பிறகு அசையாமல் நின்றால், எஞ்சிய காற்றும் வெளியேறிவிட்டது.